கற்பனைக் கோளுக்கும் இலக்கணம் வேண்டும்

அறிவியல் புனைகதை என்னும் துறை தமிழில் தழைத்து வருதல் கண்டு மகிழ்வோர் பலர். அம்மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. வான்கலம் ஏறி வேற்றுலகு செல்லும் தலைவனும், அங்கே அவனை எதிர்கொள்ளும் விந்தை மாந்தரும் இன்று நம் சிறுவர்கள் படிக்கும் கதைகளிலும் காணும் படங்களிலும் இயல்பாக உலவுகின்றனர். ஆயினும் அக்கதைகளில் பலவற்றைப் படித்து முடித்த பின்னர் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. தலைவன் இறங்கிய கோள் எத்தன்மையது? அதன் பகல் எவ்வளவு நீளம்? அதன் ஆண்டுக்கு எத்தனை நாள்? அழகுக்காக ஆசிரியர் வானில் மாட்டி வைத்த இரண்டு நிலவுகளும் அக்கோளின் கடலை என்ன செய்தன? இவ்வினாக்களுக்கு விடை இல்லை. விடை இல்லாமை மட்டுமன்று. இவற்றை வினவுதலே கற்பனைக்கு இடையூறு என்று கருதும் மனப்பான்மையும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அம்மனப்பான்மையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்பனை உலகைப் படைப்பவன் இயற்கையின் விதிக்குக் கட்டுப்பட்டே படைத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. அது மட்டுமன்று. அவ்வாறு படைக்கும் நெறி தமிழர்க்குப் புதியதன்று; அதனைக் கடைப்பிடிக்க, கடல் கடந்து வந்து தீவில் வாழும் நம்மைப் போன்றோர்க்குத் தனித் தகுதியும் உண்டு என்பதும் நம் துணிபு.

எதிர்த்தரப்பார் கூற்று

ஒருசாரார் கூறுவர்: கதை என்பது மனிதரைப் பற்றியது, கோள் அதற்குப் பின்னே தொங்கும் திரைச்சீலை, திரைச்சீலைக்குக் கணக்கு எதற்கு? மற்றொரு சாரார் கூறுவர்: கற்பனை என்றாலே கட்டின்மை; நியூட்டனின் விதியை அதன் காலில் பூட்டினால் அது பறக்குமோ? மூன்றாம் சாரார் கூறுவர்: கோளும் நிலவும் கணக்கிட்டுக் கதை எழுதுதல் மேலைநாட்டார் பொழுதுபோக்கு, நம் மரபுக்கு அஃது அயல்.

இம்மூன்றனுள் இடையில் நிற்கும் கூற்றை முதற்கண் எடுத்துக்கொள்வோம். கட்டு இருந்தால் கற்பனை மடியும் என்பார் வெண்பாவை எண்ணிப் பார்ப்பாராக. சீரும் தளையும் வரையறுக்கப்பட்ட அப்பாவகையில் நம் முன்னோர் சொல்லாத பொருள் உண்டோ? தளை தட்டிய வெண்பாவைப் புலவர் அவையில் பாடி, கற்பனைக்குத் தளை எதற்கு என்று வாதிட்டவன் எவனும் இல்லை. புராணங்களில் வரும் விமானத்தின் எடையை நாமும் கேட்பதில்லை. ஏனெனில் அக்கவிஞன் அறிவியல் கூறுவதாக நமக்கு வாக்களிக்கவில்லை. அவன் தந்த வாக்கு வேறு. அதனை அவன் காப்பாற்றினான். தன் கதையின் நெற்றியில் 'அறிவியல்' என்று எழுதிக்கொண்டவனோ ஒரு வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த வாக்கைக் கேட்கும் உரிமை படிப்பவர்க்கு உண்டு.

தொல்காப்பியர் காட்டிய வழி

கோள் வெறும் திரைச்சீலை என்பார்க்கும், இது நம் மரபன்று என்பார்க்கும் தொல்காப்பியரே விடை தருகின்றார். அகப்பொருளை வகுக்கப் புகுந்த அவர் காதலை முதலில் வைத்தாரல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். அவற்றிலிருந்து தோன்றுவன கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பன. இவ்விரண்டன் மேல் நிற்பது உரிப்பொருள். அதுவே மனித ஒழுக்கம். முதல் இல்லையேல் கரு இல்லை. கரு இல்லையேல் உரி நிற்க இடமில்லை. திணை மயங்குதலை விலக்காத அவர், இரு நிலங்கள் ஓரிடத்தே கலத்தல் மட்டும் இல்லை என வரையறுத்தார். நெஞ்சின் போக்கு மயங்கலாம், நிலம் மயங்காது. வேற்றுலகம் புனையப் புகும் எழுத்தாளனுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் எம்மொழியில் உண்டு?

இனி, பொழுது என்பது யாது? பூமி தன் அச்சில் சுழல்வதால் சிறுபொழுது பிறக்கிறது. அவ்வச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்து நின்றபடியே பூமி ஞாயிற்றைச் சுற்றுவதால் வெப்பமும் குளிரும் மாறிமாறி வந்து பெரும்பொழுது பிறக்கிறது. ஆகவே ஒரு கோளுக்கு அச்சுச் சாய்வு இத்துணை என்று எழுத்தாளன் குறிக்கும்போது, அவன் அறிந்தோ அறியாமலோ அக்கோளின் காரையும் கூதிரையும் முன்பனியையும் வேனிலையும் குறிக்கின்றான். அச்சுச் சாயாமல் வட்டப் பாதையில் சுற்றும் கோளில் ஆண்டு முழுதும் ஒரே பருவம். அங்கே ஒரு முல்லைத் தலைவி, கார் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவனுக்காகக் காத்திருப்பாளாயின், அக்கார் வரவே வராது. அவன் வேறொன்றைச் சொல்லித்தான் பிரிந்திருக்க வேண்டும். எதைச் சொல்லிப் பிரிந்தான் என்று சிந்திக்கத் தொடங்கும் இடத்தில் கதை பிறக்கிறது.

மற்றும் ஒன்று. சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்னும் சிறிய செந்நிற விண்மீன் உள்ளது. அதனை ஏழு கோள்கள் சுற்றுவதாக 2017-இல் அறிவித்தனர். அக்கோள்கள் தம் ஞாயிற்றுக்கு மிக அணுக்கமாக இருத்தலின், அவற்றின் ஆண்டு ஒன்றரை நாள் முதல் சுமார் 19 நாள் வரையே. அவ்வளவு அணுக்கத்தில், நம் நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுதல் போல, அவையும் தம் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டியவாறே சுற்றக்கூடும் என்பர் வானியலார். அத்தகைய கோளில் ஒரு பாதி என்றும் பகல். மறுபாதி என்றும் இரவு. இரண்டுக்கும் நடுவே அந்திச் செம்மை படர்ந்த ஒரு வளையம். அங்கே மாலை என்பது பொழுதன்று, இடம். மாலை வரும் என்று காத்திருத்தல் அங்கு இயலாது. மாலைக்கு நடந்து செல்லுதல் வேண்டும். பிரிவும் இருத்தலும் அங்கே என்ன வடிவம் கொள்ளும்? திரைச்சீலைக்குக் கணக்கு எதற்கு என்றார்க்கு நாம் சொல்லும் விடை இதுவே: கணக்குப் போட்டால் திரைச்சீலையே கதை சொல்லத் தொடங்கும்.

நம் கடலே சான்று

இக்கணக்கு எளிய மக்களுக்கு எட்டாதது என்று அஞ்ச வேண்டுவதில்லை. அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டை நாள்தோறும் கடந்து செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும் இக்கணக்கின் நடுவே வாழ்கின்றோம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட்பிளேர் நகரம் கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. நம் கைக்கடிகாரம் காட்டும் இந்தியப் பொது நேரமோ 82½ பாகைக்கு உரியது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆகவே நம் ஞாயிறு நம் கடிகாரத்தைவிடச் சுமார் 41 நிமிடம் முந்திச் செல்கிறது. சென்னையின் ஞாயிற்றைவிடச் சுமார் 50 நிமிடம் முந்துகிறது. தாயகத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய உறவினர், இவ்வளவு விரைவில் இருட்டிவிட்டதே என்று வியக்கும்போது, அவர் வியப்பது பூமியின் சுழற்சியைக் கண்டுதான்.

அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவென் 1970-இல் வெளியிட்ட ரிங்வேர்ல்டு என்னும் நாவலின் தொடக்கத்தில், தலைவன் தன் பிறந்தநாளை நீட்டிக்க விரும்பி நொடியில் ஊர்விட்டு ஊர் தாவுகின்றான். முதற்பதிப்பில் அவன் தாவிய திசை தவறாகப் போயிற்று. மேற்கே செல்ல வேண்டியவன் கிழக்கே சென்றான். நாள் நீள்வதற்குப் பதிலாகக் குறைந்திருக்கும். பின்னர் அது திருத்தப்பட்டது. சென்னைக்கும் அந்தமானுக்கும் சென்று வரும் நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் அப்பதிப்பைப் படித்திருந்தால் அப்பிழையை உடனே கண்டிருப்பான்.

இனி நிலவுக்கு வருவோம். நம் துறைகளில் வெள்ளம் ஏறுவதும் வற்றுவதும் நாள்தோறும் இருமுறை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 2 மீட்டர். 1880 முதற்கொண்டே இங்கு ஓதத்தைப் பதிவு செய்யும் கருவி இயங்கியது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் அலையையும், 1883-இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து எழுந்த அலையையும் அக்கருவி குறித்து வைத்தது.

இத்தகைய கடலுக்கு மேலே உள்ள நிலவை, ஒரு கதாசிரியர் அழகு கருதிப் பாதித் தொலைவுக்கு இழுத்து வருகின்றார் என்று கொள்வோம். வானில் அதன் குறுக்களவு இருமடங்காகும். ஒளிவட்டம் நான்கு மடங்காகும். அழகுதான். ஆனால் ஓதத்தை எழுப்பும் விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. தொலைவு பாதியானால் நிலவின் இழுப்பு எட்டு மடங்கு. ஞாயிற்றின் பங்கு மாறாதிருப்பினும், கடலடியின் வடிவத்தால் நேரும் வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு நோக்கினும், நம் பெருவெள்ளத்தின் ஏற்ற இறக்கம் 10 மீட்டரைத் தாண்டும். படகுத்துறைகள் நாள்தோறும் இருமுறை மூழ்கும். கடற்கரைச் சாலை கடலடிச் சாலையாகும். அதுமட்டுமோ? கெப்ளர் விதிப்படி அந்நிலவு பூமியைச் சுற்றி வரப் பத்து நாளுக்கும் குறைவே ஆகும். பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இடையே பத்து நாள். ஆண்டுக்கு ஏறத்தாழ 37 பௌர்ணமி. திங்கள் என்னும் சொல்லின் அளவே மாறிவிடும். நோன்பு, திருவிழா, வாடகை, வட்டி, சம்பளம் யாவும் வேறாகும். அழகுக்காக நிலவை இழுத்தவர் இவற்றுள் ஒன்றையேனும் எழுதினாரா? எழுதவில்லையெனில் அவர் நிலவைக் கண்டவரல்லர். நிலவின் படத்தைக் கண்டவர்.

மேலும் நெருக்கினால் நிலவே மிஞ்சாது. பூமிக்கு அணுக்கமாய், அதன் மையத்திலிருந்து சுமார் 18,000 கிலோமீட்டருக்குள் வரும் இளகிய நிலவொன்று பூமியின் ஈர்ப்பால் சிதைந்து வளையமாகிவிடும். 1848-இல் ரோச் என்னும் பிரெஞ்சுக் கணிதர் வகுத்த எல்லை இது. இத்தகைய சுழலும் உருண்டைகள் எவ்வடிவில் நிலைபெறும், எப்போது சிதையும் என்பதை முழுமையாக ஆராய்ந்து 1969-இல் ஒரு பெருநூல் எழுதியவர் யார்? தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் தம் 19-ஆம் அகவையில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது விண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டு, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. கோள் படைக்கும் கணக்கு நமக்கு அயல் என்பாரை இந்நூல் முன்னே நிறுத்துகின்றோம்.

விதிக்குட்பட்ட கற்பனையின் வெற்றி

ஹால் கிளெமென்ட் என்னும் புனைபெயரில் எழுதியவர் அமெரிக்கப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர். 1953-இல் அவர் எழுதிய மிஷன் ஆஃப் கிராவிட்டி என்னும் தொடர்கதையில் மெஸ்க்ளின் என்றொரு கோள் வருகிறது. அது 18 நிமிடத்துக்குள் ஒருமுறை சுழல்வது. அவ்வேகத்தால் தட்டைபோல் நசுங்கியது. நடுக்கோட்டில் எடை பூமியைப் போல் மும்மடங்கு. துருவத்தில் 700 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். பின்வந்தோர் மீண்டும் கணக்கிட்டு அவ்வெண்ணைக் குறைத்தனர். அக்கோளில் மீத்தேன் கடலில் கலம் செலுத்தும் ஒரு வணிகன் கதைத்தலைவருள் ஒருவன். மரவட்டை போன்ற சிற்றுடல்; உயரம் என்றால் அச்சம்; தலைக்கு மேல் ஒரு பொருள் நின்றால் நடுக்கம்; எறிதல் என்னும் செயலையே அறியான். ஏனெனில் அவன் பிறந்த நிலத்தில் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவு. அவ்வச்சம் ஆசிரியர் ஒட்டவைத்த அணியன்று; ஈர்ப்பு என்னும் முதற்பொருளிலிருந்து முளைத்த உரிப்பொருள். தொல்காப்பியத்தை அறியாத ஓர் ஆசிரியர் தொல்காப்பிய நெறியில் நின்று வென்றார். அதனைக் கற்ற நாம் அந்நெறியைத் தேர்வுத்தாளோடு விட்டுவிட்டோம்.

படிப்பவர் இவற்றையெல்லாம் நோக்குவரோ என்பார்க்கு மற்றொரு செய்தி. மேற்கூறிய நிவென், விண்மீன் ஒன்றைச் சுற்றி வளைத்துக் கட்டிய மாபெரும் வளையம் ஒன்றை அந்நாவலில் படைத்தார். 1971-இல் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில், அவ்வளையம் நிலைத்து நில்லாது என்று மாணவர்கள் கூடத்தில் முழங்கினர். நிவென் சினந்தாரல்லர், வளையத்தை நிலைநிறுத்தும் பொறிகளைப் படைத்து அடுத்த நாவலையே எழுதினார். அத்தகைய படிப்பாளிகளைப் பெற்ற மொழி பேறு பெற்றது. நம் படிப்பாளிகள் அவ்வாறு கேட்பதில்லை எனில், கேட்கத் தக்கதாக நாம் எழுதவில்லை என்பதே பொருள்.

விதியைப் பற்றிக்கொண்ட கற்பனை, கண்ணுக்கு முன்னே செல்லவும் வல்லது. வியாழனின் நிலவாகிய அயோ, பிற நிலவுகளாலும் வியாழனாலும் மாறிமாறி இழுக்கப்படுதலின் உள்ளே சூடேறி உருகியிருக்க வேண்டும் என்று மூன்று அறிஞர் கணக்கிட்டு 1979 மார்ச் 2 அன்று வெளியிட்டனர். ஒரு வாரம் கழிவதற்குள் வாயேஜர் கலம் அனுப்பிய படத்தில் அங்கே எரிமலை பொங்குவது தெரிந்தது. நம் பாரன் தீவு எரிமலை புகைவதை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும். ஒருவரும் காணாத நிலவின் நெருப்பைக் கணக்கு கண்டது. கட்டின்றிப் பறந்த கற்பனை எதுவும் இதனைக் கண்டதில்லை.

கதை காத்த தீவு

இதெல்லாம் புலவர் விளையாட்டு; உயிர்ச் சிக்கலோ என்று கேட்பார் உளர். ஆம், உயிர்ச் சிக்கலே. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நம்மைத் தாக்கியது. அன்று பௌர்ணமி. ஆகவே பேரலையை நிலவின் மேல் ஏற்றிப் பேசியோர் உண்டு. நிலவு அவ்வலையை எழுப்பவில்லை. நம் தீவுகளுக்கு மேற்கே கடலடியில் ஒரு நிலத்தட்டு மற்றொன்றன் கீழ் நுழைந்து, இறுகி, திடுமென நழுவியதால் எழுந்த அலை அது. அந்நழுவலில் நம் நகரத்து நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கத்து வயல்களில் அதன் பின்னர் ஓதநீர் புகுந்தது. வட அந்தமானிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேலே உயர்ந்தன. ஓர் உலகின் முதற்பொருள் ஒரு காலைப்பொழுதில் மாறியதை நாம் கண்ணாற் கண்டோம்.

நமக்குத் தெற்கே, சுமத்திராவை அடுத்து சிமெலுவே என்னும் தீவு உள்ளது. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகே அது இருந்தது. அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 78,000 பேர். பேரலைக்கு இரையானோர் 7 பேர். காரணம் ஒரு கதை. 1907-இல் அத்தீவை ஒரு பேரலை அழித்தது. நிலம் நெடிது நடுங்கி, பின்னர்க் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுக என்னும் செய்தியைப் பாட்டிலும் கதையிலும் பொதிந்து, ஸ்மோங் என்னும் ஒரு சொல்லால் குறித்து, பாட்டிமார் பேரர்க்குச் சொல்லி வந்தனர். ஏறத்தாழ நூறாண்டு கடந்து அக்கதை ஓர் ஊரையன்று, ஒரு தீவையே காத்தது. அக்கதையில் அழகு இருந்திருக்கலாம்; அச்சம் இருந்திருக்கலாம். காத்தது அவையல்ல. அதனுள் காரணமும் காரியமும் சரியாக இருந்தன, அதுவே காத்தது. கடல் காரணமின்றி வந்து காரணமின்றிப் போகும் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? கோளும் நிலவும் விதிப்படி நடக்கும் கதைகளை நம் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். அக்கதைகள் பேரலையை முன்னறிவிக்கமாட்டா. ஆனால் நிலத்துக்கும் நீருக்கும் வானுக்கும் முறை உண்டு, அம்முறை அறியத் தக்கது என்னும் எண்ணத்தைப் பிஞ்சு நெஞ்சில் ஊன்றும்.

நம் குறை

தமிழில் முயற்சியே இல்லை என்று நாம் கூறவில்லை. சுஜாதா 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தமிழ்ச் சிறுவர் உலகில் ஜீனோ என்னும் இயந்திர நாயை வீட்டு நாயாக்கியது. இயந்திரத்தைத் தமிழில் சிந்திக்க வைத்தவர் அவர். அத்தகைய பேறு கோளுக்கும் நிலவுக்கும் இன்னும் வாய்க்கவில்லை.

1963-இல் வெளிவந்த 'கலை அரசி' திரைப்படத்தில், கலையில் பின்தங்கிய வேற்றுக்கோளினர் பூமிக்கு வந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். பாட்டறியாத கோள்! எத்துணை அரிய கற்பனை! அறுபது ஆண்டு கழிந்தும் அவ்விதையை எடுத்து வளர்த்தோம் இல்லை. ஒரு கோளில் ஏன் இசை வளராது? செவ்வாயின் காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. 2021-இல் அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி ஒலியைப் பதிவு செய்தது. அங்கே தாழ்ந்த ஒலி நொடிக்குச் சுமார் 240 மீட்டரும், உயர்ந்த ஒலி சுமார் 250 மீட்டரும் செல்வதாக 2022-இல் அறிஞர் வெளியிட்டனர். அதாவது, தொலைவில் ஒருவர் நாகசுரம் வாசித்தால் மேற்சுரமும் கீழ்ச்சுரமும் ஒருங்கே செவி சேரா. ஒலியும் விரைவில் தேய்ந்துவிடும். அத்தகைய உலகில் கோயில் வீதியில் கூட்டம் கூடிக் கேட்கும் இசை வளருமா? அணைத்தபடி காதோரம் பாடும் தாலாட்டு மட்டும்தான் வளருமா? பறையும் யாழும் கருப்பொருள் என்று வகுத்த தமிழர் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேளாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நாம் கற்பனையைக் கற்பனை என்று சொல்லிச் செய்ய நாணுகின்றோம். லெமூரியா என்பது 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், ஒருவகை விலங்கின் பரவலை விளக்குதற்குக் கூறிய கருதுகோள். கண்டப் பெயர்ச்சிக் கொள்கை நிலைபெற்ற பின்னர் அதற்கு அறிவியலில் இடமில்லாது போயிற்று. ஆயினும் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்து வரலாறு என்று நிறுவ நாம் செலவிட்ட மையும் மேடையும் எவ்வளவு! அவ்வுழைப்பில் பத்தில் ஒரு பங்கை, கற்பனை என்று ஒப்புக்கொண்டே ஒரு நிலத்தை முதல், கரு, உரி பிறழாமல் படைப்பதற்குச் செலவிட்டிருந்தால், உலக இலக்கியத்துக்கு நாம் ஒரு கோளையே கொடுத்திருப்போம். கடல்கோள் நினைவை இகழ்ந்து நாம் இதனைக் கூறவில்லை. அந்நினைவை மெய்யென்று வழக்காடுவதினும், கதையென்று வளர்த்தல் அதற்குச் செய்யும் பெரிய மரியாதை என்கின்றோம்.

சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, நம் விண்வெளி நிறுவனத்தார் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில் உள்ள பாறையைத் தேர்ந்தனர். நிலவின் மேட்டு நிலப் பாறையோடு அது ஒத்த இயல்பினது. பொறியாளர்க்குத் தமிழ் மண் நிலவாயிற்று. எழுத்தாளர்க்கு ஏன் ஆகவில்லை?

செய்யத் தக்கது

இப்பணிக்குத் தகுதியுடையோர் யார் என்று வினவின், நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோரே என்று தயங்காமல் கூறுவோம். இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் மழைக்கு வானம் பார்த்திருந்தோர், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவுக்கு வந்தனர். பர்மாவிலிருந்து பெயர்ந்தோரும், 1964 ஒப்பந்தத்தின் பின்னர் இலங்கையிலிருந்து பெயர்ந்து கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்தோரும் நம்மிடையே உளர். முதற்பொருள் மாறியது, அதனால் உழவு மாறியது, உணவு மாறியது, கூரை மாறியது. ஞாயிறு முந்தியது, மழை மே மாதத்திலேயே வந்தது, கப்பல் வரவை நோக்கிக் காய்கறி விலை ஏறி இறங்கியது. நிலம் மாறினால் வாழ்வு எவ்வாறு மாறும் என்பதை ஏட்டில் படித்தவர்களல்லர் நம் பெற்றோர், உடம்பால் கற்றவர்கள். வேற்று நிலத்தில் வாழக் கற்றவரினும் வேற்றுலகம் எழுத வல்லார் யார்?

ஆகவே நம் இளைஞர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வேற்றுக்கோள் கதை எழுதுக. ஆனால் எழுதுமுன் ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்க. ஞாயிறு எத்தகையது, கோள் அதிலிருந்து எவ்வளவு தொலைவு என்று முடிவு செய்க. தொலைவு முடிந்தால் ஆண்டின் நீளம் தானே வரும். கோளின் எடையும் பருமனும் குறித்தால், அங்கே ஒருவன் ஒரு குடம் நீரைத் தூக்க எவ்வளவு வருந்துவான் என்பது தெரியும். அச்சுச் சாய்வு பெரும்பொழுதையும், சுழற்சி சிறுபொழுதையும் தரும். நிலவு வேண்டுமெனில் வைத்துக்கொள்க; அதன் எடைக்கும் தொலைவுக்கும் ஏற்பக் கடலை எழுப்பி இறக்குக. பள்ளியில் கற்ற பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் இவற்றுக்குப் போதும். அதன் பின்னர் அந்நிலத்துக்கு மரமும் புள்ளும் உணவும் தொழிலும் வகுக்க. இறுதியில் மனிதரைக் கொண்டுவருக.

1995-இல் நம் ஞாயிற்றை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதற்கோள் கண்டறியப்பட்டது. 2025-இல் இவ்வாறு அறியப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தொட்டது. அவற்றுள் ஒன்றில் நெய்தல் நிலம் இருக்குமாயின், அங்கே எற்பாடு எப்பொழுது, வெள்ளம் வற்றுவது எப்பொழுது, கரையில் நின்று இரங்கும் ஒருத்தி எத்தனை நிலவுகளின் ஒளியில் நிற்பாள் என்று முதலில் எழுதுவோர் தமிழராக இருக்கட்டும். கணக்கோடு எழுதட்டும்.